வாளியம்மா

கடிகாரக்காரர் வீட்டுக்கு வழி கேட்டால் அந்தத் தெருவில் யாரும் கையை நீட்டிக் காட்டுவதோடு நிறுத்த மாட்டார்கள். கூடவே வந்து வாசலில் விட்டுவிட்டுப் போவார்கள். அவ்வளவு நல்ல பெயர் அவருக்கு. அது கடிகாரம் பழுது பார்த்த காலத்தில் வந்த பெயர் அல்ல. கடையை மூடிவிட்டு, வீட்டு முன்னறையில் முட்டை பொரிக்கிற பெட்டி ஒன்றைச் செய்து வைத்தாரே, அதற்குப் பிறகு வந்தது. குஞ்சு பொரிக்கிற நாளில் தெருப் பிள்ளைகள் எல்லாம் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு தொங்கும். ஈரம் காய்ந்த குஞ்சை ஒவ்வொரு பிள்ளையின் உள்ளங்கையிலும் ஒரு நிமிஷம் வைத்து, "மெதுவா, மெதுவா. அதுவும் உன்னை மாதிரி குழந்தைதான்" என்பார்.

அவர் மனைவி சலவைக் கடையில் இஸ்திரி போடுகிறவள். வேலை முடிந்து அவள் தெருமுனையில் திரும்புவதைப் பார்த்ததும் அதே பிள்ளைகள், "டேய், வாளியம்மா வருது, குஞ்சை ஒளிச்சு வை!" என்று கத்திக்கொண்டு ஓடும்.

அவள் காதில் அது விழாமல் இல்லை. பிள்ளைகள்தானே என்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விடுவாள். வீட்டின் பின்பக்கம், துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில், ஒரு நீல வாளி கவிழ்த்து வைத்திருக்கும். அந்தப் பெயர் அதனால் வந்தது.

பெட்டி என்றால் பெரிய அதிசயம் ஒன்றும் இல்லை. மீன் வருகிற வெள்ளைத் தெர்மாகோல் பெட்டி. உள்ளே இரண்டு பல்பு, பழைய கம்ப்யூட்டரிலிருந்து கழற்றிய சின்னக் காற்றாடி, சூடு ஏறினால் பல்பை அணைத்து, இறங்கினால் எரிய வைக்கிற கருவி, ஈரத்துக்கு ஒரு தட்டில் தண்ணீர். மூடியில் பார்ப்பதற்குக் கண்ணாடி. ஒவ்வொரு முட்டையிலும் ஒரு பக்கம் பென்சிலால் பெருக்கல் குறி, மறுபக்கம் வட்டம். காலையில் பெருக்கல் மேலே இருந்தால் மாலையில் வட்டம் மேலே வரும்படி திருப்பி வைப்பார். தாய்க்கோழி அலகால் உருட்டுகிற வேலையை இவர் விரலால் செய்தார். அறையை இருட்டாக்கி முட்டைக்கு அடியில் டார்ச் பிடித்தால் உள்ளே சிவப்பு நரம்பு மரக்கிளை மாதிரி படர்ந்திருப்பது தெரியும். அதைப் பார்க்கும்போதெல்லாம் அவருக்குக் கண் கலங்கும். ஆண்டவன் கையெழுத்து என்பார்.

கடைசி மூன்று நாள் மட்டும் முட்டையைத் தொடக் கூடாது, மூடியைத் திறக்கக் கூடாது. திறந்தால் உள்ளே இருக்கிற ஈரம் போய், ஓட்டுக்கு அடியில் இருக்கிற தோல் காய்ந்து குஞ்சின்மேல் இறுகிக்கொள்ளும். இதை அவர் எல்லாருக்கும் சொல்வார். ஆனால் அவரால் முடியாது.

குஞ்சு ஓட்டை ஓர் இடத்தில் கொத்தி மூச்சுக்கு வழி பண்ணிக்கொண்ட பிறகு, ஒரு பகல் முழுக்கக்கூட அசையாமல் கிடக்கும். மிச்சமிருக்கிற மஞ்சள் கருவும் இரத்தமும் அந்த நேரத்தில்தான் அதன் வயிற்றுக்குள் இழுபடும். பார்க்கிறவர் கண்ணுக்கோ அது நின்றுபோன மாதிரி இருக்கும். நின்றுபோனதைத் திறந்து பார்ப்பது கடிகாரக்காரருக்கு வாழ்நாள் பழக்கம். கண்ணில் பூதக்கண்ணாடியைச் செருகிக்கொண்டு, பல்சக்கரம் எடுக்கிற மெல்லிய இடுக்கியால் ஓட்டைச் சில்லு சில்லாகப் பெயர்ப்பார். குஞ்சு வெளியே வந்துவிடும். ஜன்னலில் கைதட்டல் கேட்கும். அப்படி வந்ததில் பாதிக்கு மேல் எழுந்து நிற்காது. கால் இரண்டும் கத்தரி விரித்த மாதிரி விரிந்து போகும். தொப்புள் மூடாமல் கசியும்.

முதல் தடவை அப்படி வந்த குஞ்சுகளை அவர் ஒரு செருப்புப் பெட்டியில் பஞ்சு போட்டு வைத்து, அடுப்படி வாசலில் கொண்டுவந்து வைத்தார்.

"இதுங்களைக் கொஞ்சம் பாரும்மா."

"பாருன்னா?"

"கஷ்டப்படுதுங்க. என்னால கண்ணால பார்க்க முடியல."

சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டார்.

அவள் அவற்றைக் கையில் எடுத்துப் பார்த்தாள். தண்ணீர் கொடுத்தாள், ஏறவில்லை. நிறுத்திப் பார்த்தாள், கவிழ்ந்தன. எறும்பு வந்துவிட்டது. கடைசியில் நீல வாளியை எடுத்தாள். குளிர்ந்த தண்ணீரில் போட மனசு வரவில்லை. இத்தனை நாளும் இளஞ்சூட்டிலேயே கிடந்த உயிர் ஆயிற்றே. அடுப்பில் வெந்நீர் வைத்து, பச்சைத் தண்ணீரோடு விளாவி, முழங்கையை விட்டுச் சூடு பார்த்தாள். பிறகு ஒவ்வொன்றாக உள்ளங்கையில் பொத்திக்கொண்டு, "கடவுளே, இதை நீ வாங்கிக்கோ" என்று முணுமுணுத்தபடி தண்ணீருக்குள் பிடித்தாள். துடிப்பு அடங்கும் வரை கையை எடுக்கவில்லை. போகிற உயிரைத் தனியாக விடக் கூடாது என்று நினைத்தாள்.

நிமிர்ந்தபோது பின்கட்டு வாசலில் தங்கை நின்றிருந்தாள், பள்ளிக்கூடத்துப் பையைத் தோளிலிருந்து கழற்றாமல். தாய் தகப்பன் இல்லாமல் அக்கா வீட்டில் வளர்ந்த பிள்ளை. அன்றைக்கு அக்கா பிசைந்து நீட்டிய சோற்றை வாயில் வாங்கவில்லை. தலை பின்ன அக்கா முன்னால் சப்பணம் போட்டு உட்காருகிறவள் மறுநாளிலிருந்து அடுத்த வீட்டில் போய்ப் பின்னிக்கொண்டு வந்தாள். தெருவுக்கு அந்தப் பெயரைக் கொடுத்தவளும் அவள்தான் என்று பின்னால் தெரிந்தது. பெரியவள் அதைப் பற்றி ஒருநாளும் கேட்கவில்லை.

ஒவ்வொரு தடவை குஞ்சு பொரிக்கும்போதும் செருப்புப் பெட்டி அடுப்படி வாசலுக்கு வந்தது.

"ஓட்டை உடைக்காதீங்கன்னா கேக்கறீங்களா? அதுக்கா வரத் தெரியாதா?"

"உனக்குக் கல்லு மனசும்மா. உள்ள இருந்து கத்துது. எப்படிச் சும்மா பார்த்துக்கிட்டு இருக்கிறது?"

குஞ்சு வாங்க வருகிற மாடிவீட்டுக்காரி ஒருநாள் வாயெல்லாம் பல்லாகச் சொன்னாள், "உங்க வீட்டுக்காரர் மாதிரி ஒரு மனுஷனைப் பார்க்க முடியாதுங்க. எறும்பைக்கூட மிதிக்க மாட்டாரு."

"அவர் எதுக்கு மிதிக்கணும்?" என்றாள் பெரியவள், துணியை மடித்தபடி. "வீட்டுலதான் நான் ஒருத்தி இருக்கேனே."

மாடிவீட்டுக்காரி சிரித்தாள். அது சிரிக்கிற பேச்சு என்றுதான் நினைத்தாள்.

சின்னவள் வளர்ந்து, சரக்கு வண்டி ஓட்டுகிற ஒருவனைக் கட்டிக்கொண்டு போனாள். வெகு காலம் வயிறு திறக்காமல் இருந்து, பிறகு ஒரு பெண் குழந்தை பிறந்தது. புருஷன் வண்டியோடு தூர தேசம் போயிருந்தான். அவன் பக்கத்தில் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. வேறு வழியில்லாமல் ஆஸ்பத்திரியிலிருந்து நேராக அக்கா வீட்டுக்கு வந்தாள்.

பெரியவளுக்குப் பிள்ளை இல்லை. இஸ்திரி மேஜையில் வேலை பார்க்கும்போதெல்லாம் அந்தக் குழந்தையின் நினைவுதான். எப்படி மடியில் போட்டுக்கொள்வது, எப்படித் தலைக்குத் தண்ணீர் விடுவது, காதில் போகாமல் கையை எப்படி வைப்பது என்று போர்வைகளை மடித்துக்கொண்டே மனசுக்குள் பழகிக்கொண்டாள். பெரியம்மா என்று கூப்பிட ஓர் உயிர். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்து கையை நீட்டினால், "இப்பதான்க்கா தூங்குச்சு" என்பாள் சின்னவள். விழித்திருந்தால், "பால் குடிச்சிருக்கு, அசைக்காத." அழுதால், "புதுக் கையின்னா இன்னும் அழும்." கடிகாரக்காரர் எட்டிப் பார்த்தால் மட்டும், "மாமா, கொஞ்சம் பிடிங்க, தண்ணி குடிச்சிட்டு வரேன்" என்று நீட்டிவிடுவாள். அவர் இரண்டு கையாலும் முட்டையைத் தாங்குவது மாதிரி தாங்கிக்கொள்வார். பெரியவளுக்குக் குழந்தையின் துணிகள் மட்டும் வந்தன. அதையும் அவள் கசக்கி, காய வைத்து, சலவைக் கடைக்குக் கொண்டுபோய்ச் சூடு குறைத்து இஸ்திரி போட்டு, பூ மாதிரி மடித்துக் கொண்டுவந்து வைத்தாள்.

ஒருநாள் புருஷனைத் தனியாகப் பிடித்தாள்.

"குழந்தை இங்க இருக்கிற வரைக்கும் பெட்டியை மூடி வையுங்க."

"ஏற்கெனவே முட்டை வச்சிட்டேனேம்மா. பள்ளிக்கூடத்து டீச்சர் ஆசையாக் கேட்டாங்க."

"அப்ப ஓட்டைத் தொட மாட்டேன்னு சொல்லுங்க. அந்த வேலையை நான் இனி செய்ய மாட்டேன். அவ முன்னாடி செய்யவே மாட்டேன்."

"தொட மாட்டேன்."

"சத்தியமா?"

"சத்தியமா. என்ன நீ, என்னை நம்ப மாட்டியா?"

நம்பினாள். அந்த நம்பிக்கைக்கு ஆண்டவன் கூலி கொடுத்த மாதிரி, ஒருநாள் மாலை சின்னவளே வாய் திறந்தாள்.

"அக்கா, எனக்குக் குனிய முடியல, இடுப்பு விட்டுப் போகுது. நாளைக்கு நீ குளிப்பாட்டறியா?"

பெரியவள் "ம்" என்றாள். அடுப்படிக்குப் போய், கதவு மறைவில் நின்று, கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சலவைக் கடைக்காரரிடம் போய் மறுநாளுக்கு லீவு சொன்னாள். நகங்களை ஒட்ட வெட்டினாள். குழந்தையைக் குளிப்பாட்ட ஒரு பிளாஸ்டிக் தொட்டி வாங்கினாள். கடைக்காரன் நீலத்தை எடுத்து நீட்டினான். "அது வேண்டாம்ப்பா" என்று மஞ்சளை எடுத்துக்கொண்டு வந்தாள்.

மறுநாள் காலையில் சோப்பு தீர்ந்திருந்தது. வாங்க முனைக் கடைக்குப் போனாள். அவ்வளவு நேரம்தான். திரும்பி வந்தபோது ஜன்னலில் பிள்ளைகள் கைதட்டிக்கொண்டிருந்தன.

அவள் உள்ளே ஓடினாள். பெட்டியின் மூடி சுவரில் சாய்ந்திருந்தது. மேஜைமேல் முட்டை ஓட்டுச் சில்லுகளும், இடுக்கியும். அடுப்படி வாசலில் செருப்புப் பெட்டி. கடிகாரக்காரர் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார்.

"சத்தியம் பண்ணினீங்களே!"

"மனசு கேக்கலம்மா. ரெண்டு அப்படியே நின்னுபோச்சு. கொஞ்சம்தான் கை வச்சேன்." அவள் முகத்தைப் பார்க்காமலே படியிறங்கிப் போய்விட்டார்.

இரண்டும் பஞ்சின்மேல் காலைப் பரப்பிக்கொண்டு கீச்சுக் கீச்சென்று கத்தின. அவ்வளவு சின்னத் தொண்டையில் அத்தனை சத்தம் எங்கிருந்து வந்ததோ. பெரியவள் பெட்டியை எடுத்துக்கொண்டுபோய்ப் பின்கட்டில் வைத்து, மேலே துண்டைப் போட்டாள். அங்கிருந்தும் கேட்டது. குழந்தை விழித்துக்கொண்டு வீறிட்டது. உள்ளறையிலிருந்து சின்னவள் கத்தினாள்.

"அக்கா, அந்தச் சத்தத்தை நிறுத்தேன்!"

"என்ன பண்ணச் சொல்றே?"

"எனக்கென்ன தெரியும்? நீ எப்பவும் பண்றதைப் பண்ணு."

பெரியவள் அறை வாசலில் வந்து நின்றாள். "நீயா சொல்றே?"

"யாராவது பண்ணித்தானே ஆகணும்? மாமாவா பண்ணுவாரு, பாவம்?"

பெரியவள் நீல வாளியை எடுத்தாள். பிறகு போய் வெந்நீர் வைத்தாள். பின்கட்டில் சத்தம் ஒன்றாகக் குறைந்தது. பிறகு அதுவும் நின்றது. குழந்தையும் அழுகையை நிறுத்தியது.

புதுச் சோப்பால் அவள் கையைத் தேய்த்தாள். நக இடுக்கு, விரல் இடுக்கு, முழங்கை வரை. இஸ்திரிச் சூட்டில் காய்த்துப்போன தோல் சிவந்து எரிகிற வரை தேய்த்தாள். வேறு பாத்திரத்தில் வேறு வெந்நீர் போட்டாள். மஞ்சள் தொட்டியை முற்றத்தில் வெயில் படுகிற இடமாகப் பார்த்து வைத்து, துண்டை விரித்து, பலகையைப் போட்டு உட்கார்ந்தாள். தண்ணீரை விளாவினாள். சூடு பார்க்க முழங்கையை விட்டாள்.

குழந்தையோடு வந்த சின்னவள் அதைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள். முகத்தில் ஈயாடவில்லை.

"வேணாம்க்கா."

"என்னடி?"

"இன்னிக்கு வேணாம். குழந்தைக்கு உடம்பு சுடுது."

"காலையில நல்லாத்தானே இருந்துச்சு? குடு, நான் தொட்டுப் பார்க்கறேன்."

"வேணாம்னா விடேன்!" சின்னவள் ஓர் அடி பின்னால் போனாள். "அதே மாதிரி பண்றே. அதே மாதிரி தண்ணியைக் கலக்கி, அதே மாதிரி முழங்கையை விட்டு..."

"நீதானடி சொன்னே. இப்பத்தானே சொன்னே."

"சொன்னேன். சொன்னா உடனே செஞ்சிடுவியா? ஒரு தடவையாவது முடியாதுன்னு சொல்லத் தெரியாதா உனக்கு?"

பெரியவளின் கை தண்ணீருக்குள்ளேயே இருந்தது. எடுக்கத் தோன்றவில்லை.

அதற்குள் கடிகாரக்காரர் திரும்பி வந்துவிட்டார். பின்கட்டில் சத்தம் ஓய்ந்திருந்தது அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். "மாமா, நீங்க வாங்க" என்றாள் சின்னவள். "நீங்க குளிப்பாட்டுங்க, நான் சொல்லித் தரேன்." அவர் மனைவியை ஒரு தடவை பார்த்தார். பிறகு சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு பலகையில் உட்கார்ந்தார். குழந்தை தண்ணீரில் காலை உதைத்தது. அவர் சிரித்தார், சின்னவளும் சிரித்தாள். ஜன்னல் பக்கமிருந்து வந்த பிள்ளைகள்கூடச் சிரித்தன. பெரியவள் நின்று பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, கடைசியில் அழுக்குத் தண்ணீரைக் கொண்டுபோய்க் கொட்டினாள்.

வண்டிக்காரன் வந்ததும் சின்னவள் கிளம்பிவிட்டாள். "மாமா, நீங்க கட்டாயம் வந்து குழந்தையைப் பார்க்கணும்" என்றாள் படியில் நின்று. அக்காவிடம், "உடம்பைப் பார்த்துக்கோ" என்றாள். மஞ்சள் தொட்டியை எடுத்துக்கொள்ளவில்லை.

வண்டி போன பிறகு கடிகாரக்காரர் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "அவ சின்னப் பொண்ணும்மா, பயந்துட்டா. நீ கொஞ்சம் மறைவா பண்ணியிருக்கலாம்."

அவள் நீல வாளியை எடுத்துக்கொண்டுபோய்க் குப்பை வண்டியில் போட்டுவிட்டு வந்தாள். அவர் அதைக் கவனிக்கவில்லை.

அடுத்த தடவை முட்டை வைத்தபோது அவளும் கூட இருந்து உதவினாள். பென்சிலால் குறி போட்டாள், தட்டில் தண்ணீர் ஊற்றினாள். அவர் கடைத்தெருவுக்குப் போன நேரங்களில் முட்டைகளைத் திருப்பி வைத்தாள். "பரவாயில்லையே, உனக்கும் ஆசை வந்துடுச்சு" என்று அவர் மகிழ்ந்துபோனார்.

பொரிக்கிற நாள் சலவைக் கடைக்கு விடுமுறை. அவள் ஜன்னலைச் சாத்தினாள். வெளியே பிள்ளைகள் தட்டின. "போங்கடா, அப்புறம் வாங்க" என்றாள். வாசல் கதவைத் தாழிட்டு, அவர் செருப்பை எடுத்து உள்ளறையில் வைத்துவிட்டு வந்து, பெட்டிக்கு முன்னால் முக்காலி போட்டு உட்கார்ந்தாள்.

ஒவ்வொன்றாக ஓடு வெடித்தது. ஈரத்தோடு உருண்டு வெளியே வந்தன, மூச்சு வாங்கின, தலை தூக்கின. ஒரு முட்டை மட்டும் கொத்திய ஓட்டையோடு நின்றது. மற்றவை எல்லாம் காய்ந்து பஞ்சாக நின்ற பிறகும் அது அப்படியே கிடந்தது. உள்ளே இருந்து கத்துவது மட்டும் கேட்டது.

கடிகாரக்காரர் பூதக்கண்ணாடியைக் கண்ணில் செருகினார். இடுக்கியைத் தேடினார். அது அவள் மடியில் இருந்தது.

"குடும்மா."

"உட்காருங்க."

"செத்துடும்மா."

"வந்தா வரும். இல்லன்னா சாகும். நீங்க எடுத்தா என் கையில சாகும். உட்காருங்க."

"பாவம்மா, கத்துது."

"ஆமா. கேளுங்க."

அவர் எழுந்து வாசல் பக்கம் போனார். செருப்பு இல்லை, கதவு தாழிட்டிருந்தது. திரும்பி வந்து இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். அவள் அவர் மணிக்கட்டு இரண்டையும் பிடித்துக் கீழே இறக்கினாள். நாள் முழுக்க இரும்பைத் தூக்கி இறக்கிப் பழகிய கை அது. அவரால் விடுவித்துக்கொள்ள முடியவில்லை.

"இத்தனை வருஷம் நான் ஒருத்தியே கேட்டேன்" என்றாள். குரலை உயர்த்தவில்லை. "இந்த ஒண்ணை நீங்களும் கேளுங்க. பாதியில விட்டுட்டுப் போகக் கூடாது. அதைத் தனியா விடக் கூடாது."

கீச்சென்றது. கொஞ்சம் விட்டுக் கீச்சென்றது. இடைவெளி நீண்டுகொண்டே போனது. வெளியே பிள்ளைகள், "எத்தனை பொரிச்சது, எத்தனை பொரிச்சது?" என்று கேட்டுக்கொண்டே இருந்தன. அவர் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து, செருகியிருந்த கண்ணாடி நழுவி மடியில் விழுந்தது. அவள் பிடியைத் தளர்த்தவில்லை. கடைசியாக ஒரு தடவை ஓடு லேசாக அசைந்தது. அதற்குப் பிறகு காற்றாடியின் சத்தம் மட்டும் கேட்டது.

அவள் அவர் கையை விட்டாள். மணிக்கட்டில் விரல் பதிந்த தடம் சிவந்திருந்தது.

அவர் அவளைப் பார்த்தார். பின்கட்டு வாசலில் பள்ளிக்கூடப் பையோடு நின்ற சின்னவள் பார்த்த அதே பார்வை. "நீ மனுஷியா?" என்று கேட்டார். அவர் வாயிலிருந்து அப்படி ஒரு சொல் அதுவரைக்கும் வந்ததில்லை.

அவள் மூடியைத் திறந்து, காய்ந்த குஞ்சுகளில் ஒன்றை எடுத்தாள். இத்தனை வருஷத்தில் சாகாத குஞ்சு ஒன்றை அவள் கையில் வாங்கியது அதுதான் முதல் தடவை. கால் இரண்டும் கெட்டியாக நின்றன. நகம் உள்ளங்கையில் குத்தியது.

"அதைக் கீழ வை" என்றார் அவர். "உன் கையில வேணாம். கீழ வைம்மா."

அவள் வைக்கவில்லை. மற்றக் கையையும் மேலே கவித்து மூடிக்கொண்டாள். குஞ்சு கொஞ்ச நேரம் கத்தியது. பிறகு அந்தச் சூட்டில் கழுத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு தூங்கிவிட்டது.